செவ்வாய்க்கிழமையை வியாழன் என்று சொன்னேன்

எனக்கு முதல் கொப்புளம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் மருத்துவமனையில் என் பெயர் போட்ட தாளில் இரண்டு நாட்கள் ‘வியாழன்’ என்றுதான் இருந்தது. அப்படி எழுதவைத்தவள் நான்.

என் பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. வடக்குப்பட்டில் குடியிருக்கிறோம். ஒரகடம் பக்கம் மின்னணுப் பலகைகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வேலை. என் லைனில் நாற்பது பேர், எல்லோரும் பெண்கள், பாதிப் பேர் கம்பெனி ஹாஸ்டலில் தங்குகிறவர்கள். நான் லைன் லீடர். சூப்பர்வைசர் வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் புதன்கிழமை வெளியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள், அது நல்லபடியாக முடிந்தால் உத்தரவு வந்துவிடும் என்று பேச்சு.

அதற்கு இரண்டு வாரம் முன்பு மணிமங்கலத்தில் என் அண்ணன் மகனுக்குச் சர்ச்சில் புதுநன்மை, முதல் நற்கருணை. விருந்து முடிகிறவரை பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் ஒருத்தி என் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. அண்ணன் போன் செய்தான்.

“உனுக்கு சின்ன வயசுல வந்துகீதா?”

“இல்லண்ணே, எனுக்கு வந்ததில்ல.”

“உசாரா இரு அப்போ.”

சரி என்றேன். பிறகு அதை மறந்துபோனேன்.

திங்கட்கிழமை உடம்பு லேசாக வலித்தது. அன்று எங்கள் லைனில் தேவகிக்குக் கடைசி நாள். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பெண், தலைப்பிரசவம், எட்டாம் மாதம். பிரசவ விடுப்பில் மறுநாள் காலை ஊருக்குக் கிளம்புகிறாள். கேன்டீனில் நாங்களே ஒரு வளைகாப்பு மாதிரி செய்தோம். ஆளுக்கொரு சாதம் கொண்டுவந்திருந்தார்கள். முதல் வளையலை நான்தான் போட்டேன். என் தட்டிலிருந்து தயிர்சாதம் எடுத்து அவளுக்கு ஊட்டினேன். வல்லக்கோட்டையில் அவள் இறங்குகிற வரைக்கும் கம்பெனி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வீட்டுக்கு வந்ததும் எனக்குக் காய்ச்சல்.

செவ்வாய் காலை குளிக்கும்போது வயிற்றில் மூன்று, மார்புக்குக் கீழே ஒன்று. சிவப்பாக, நடுவில் துளி நீர் கோத்து. வேர்க்குரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று அப்போதே தெரியும். காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன், கேட்டில் நெற்றிக்கு நேரே கருவி காட்டிச் சூடு பார்ப்பார்கள் என்பதற்காக. எங்கள் வேலைக்குத் தலைக்குக் குல்லாய், முகத்துக்கு மாஸ்க், மணிக்கட்டு வரை கோட்டு. கண்ணைத் தவிர எதுவும் வெளியே தெரியாது. செவ்வாய் போனேன். புதனும் போனேன். ஆடிட் நன்றாக முடிந்தது. புதன் சாயங்காலம் மாஸ்க்கைக் கழற்றியபோது மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு நின்றன. இனி மறைக்க முடியாது என்று ஆனபிறகுதான் வியாழக்கிழமை காலை கம்பெனிக்குப் போன் செய்தேன்.

“இன்னிக்குதான் சார் புள்ளி வந்திருக்கு” என்றேன்.

அன்று நான் பயப்படவில்லை. வீட்டில் யாருக்கும் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் அதற்கு ஒரு காரணம். என் கணவர் சேவியருக்குச் சின்ன வயதிலேயே வந்துபோனது. மகள் ரோஸிக்கு இரண்டு தவணை ஊசியும் போட்டிருந்தோம். என் வீட்டுக்கு நான் பார்த்த கணக்கை லைனில் இருந்த நாற்பது பேருக்கும் பார்க்கவில்லை. இப்போது அதை எழுதுவதற்குக் கூசுகிறது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் உடம்பு முழுக்கக் கொப்புளம். உச்சந்தலையில், தொண்டைக்குள், இமை ஓரத்தில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்ரூமுக்குப் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கியது. இருமினால் நெஞ்சு குத்தியது. சேவியர் என் உதட்டைப் பார்த்துவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனார்.

தாம்பரம் போகிற வழியில் ஒரு தனியார் மருத்துவமனை. அம்மை என்றதும் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். எல்லோரும் உட்கார்ந்திருந்த கூடத்துக்குள் எங்களை விடவில்லை. பக்கவாட்டு வழியில், ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். தள்ளி நின்றுகொண்டிருந்த ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போனாள். அவள் செய்ததுதான் சரி. ஆனாலும் நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் வெள்ளைத் திட்டுகள், பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல. டாக்டர் இளவயதுக்காரர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“குழந்தைங்களுக்கு வந்தா பெரும்பாலும் தோலோட போயிடும்மா. பெரியவங்களுக்கு வந்தா சில சமயம் நெஞ்சுக்கு இறங்கும். இது வைரஸ் நிமோனியா. மூணு வேளையும் நரம்புல மருந்து ஏத்தணும். மருந்து வைரஸைக் கொல்லாது, பெருக விடாம தடுக்கும். மிச்சத்தை உங்க உடம்புதான் செய்யணும்.”

தொழிலாளர் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவுக்குப் பெரிய கவலை இல்லை. முதல் மாடியில் கடைக்கோடி அறை. கதவு எப்போதும் சாத்தியே இருக்கவேண்டும் என்று வெளியே சிவப்பு அட்டை. அறைக் காற்றை வராந்தாவுக்கு விடாமல் வெளியே தள்ளுகிற ஒரு விசிறி. அம்மை ஏற்கனவே வந்தவர்களோ ஊசி போட்டவர்களோதான் உள்ளே வரலாம். அப்படிப் பார்த்து இரண்டு நர்ஸுகளை மட்டும் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கையில் ஊசி.

சேவியர் வேலைக்கு லீவு போட்டுவிட்டார். பழைய பருத்தி வேட்டிகளைத் துவைத்து, கிழித்து, படுக்கையில் விரித்தார். நான் சொறிந்துவிடாமல் இருக்க ரோஸியின் சாக்ஸை என் கைகளில் மாட்டினார். நகம் வெட்டிவிட்டார். கஞ்சியை நன்றாக ஆறவைத்துக் கரண்டியில் கொடுப்பார், தொண்டைக்குள் கொப்புளம் இருந்ததால் ஒவ்வொரு வாய்க்கும் நான் கண்ணை மூடுவேன். ரோஸியை மேலே விடமாட்டார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் வந்து நிற்பாள். ஜன்னலில் கையைக் காட்டுவேன். சாக்ஸ் மாட்டிய கையைப் பார்த்துச் சிரிப்பாள்.

திங்கட்கிழமை காலை, கலாவதி சிஸ்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்த மருத்துவமனையில் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் பொறுப்பு. ஒரு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“முதல் புள்ளி என்னைக்கு வந்துச்சு?”

“வியாழக்கிழமை.”

“காலையிலயா?”

“ஆமா சிஸ்டர்.”

எழுதினார். விரல்விட்டு எண்ணினார். “அப்போ செவ்வாயிலேர்ந்து நீங்க யார்கூட இருந்தீங்கன்னு சொல்லணும்.”

“வியாழக்கிழமை நான் வேலைக்கே போலயே.”

“புள்ளி வந்தப்புறம்தான் ஒட்டும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது தப்பு. புள்ளி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மூச்சுக்காத்துல பரவ ஆரம்பிச்சுடும். உங்களுக்கே தெரியாம நீங்க கொடுத்துட்டு இருப்பீங்க. கடைசிக் கொப்புளம் காஞ்சு பொறுக்குக் கட்டுற வரைக்கும் பரவும். அதனாலதான் தேதி கேக்கறேன். ரெண்டு நாள் பின்னாடி போய், அங்கேருந்து ஆளுங்களைத் தேடுவோம்.”

தேடி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். அம்மை கிருமி ஒருவர் உடம்பில் நுழைந்து இரண்டு மூன்று வாரம் சத்தமில்லாமல் இருக்கும். அதற்குள் ஆளைப் பிடித்துவிட்டால் ஏதாவது செய்யலாம். முன்பே வந்துபோனவர்களுக்குப் பெரும்பாலும் பயமில்லை. வராதவர்களுக்கு ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டால் வராமலே தடுக்கலாம், வந்தாலும் லேசாகப் போகும். ஒரு ஹாஸ்டல் அறையில் ஆறு பேரில் ஐந்து பேருக்கு எதிர்ப்பு இருந்தால், அந்த ஐந்து பேரைத் தாண்டி ஆறாவது ஆளிடம் போக கிருமிக்கு வழி கிடைப்பது கடினம்.

“கர்ப்பமா யாராவது இருக்காங்களா உங்க லைன்ல?” என்றார். “அவங்களுக்கு இந்தத் தடுப்பூசி போடக்கூடாது. உங்களுக்கு வந்த மாதிரி நெஞ்சுக்கு இறங்குனா தாய்க்கு ஆபத்து. பிரசவத்தை ஒட்டி வந்தா குழந்தைக்கும் ஆபத்து. அவங்களுக்கு வேற ஊசி இருக்கு, மத்தவங்க ரத்தத்துலேர்ந்து எடுத்த எதிர்ப்புச் சத்து. ஒட்டுன நாள்லேர்ந்து பத்து நாளுக்குள்ள போட்டாகணும்.”

செவ்வாயிலிருந்து என்றால் தேவகி அதில் இல்லை. செவ்வாய் காலை அவள் ஊருக்குப் போய்விட்டாள். என் கண் முன்னால் திங்கட்கிழமை மத்தியானம் முழுதாக வந்து நின்றது. தயிர்சாதம். வளையல். பஸ்ஸில் என் தோளில் அவள் தலை.

“இல்ல சிஸ்டர். இப்போ யாரும் இல்ல” என்றேன்.

செவ்வாய்க்கிழமையே தெரியும் என்று சொன்னால், அன்றும் மறுநாளும் தெரிந்தே போய் நாற்பது பேர் நடுவில் நின்றேன் என்றாகிவிடும். சூப்பர்வைசர் வேலை போகும். இருக்கிற வேலையும் போகலாம். அதைவிட, என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். இவ்வளவையும் அந்த ஒரு நொடியில் யோசித்தேன். தேவகியின் வயிற்றைப் பற்றியும் யோசித்தேன். யோசித்தபிறகும் அந்தப் பதிலைத்தான் சொன்னேன்.

சிஸ்டர் அன்று மத்தியானமே கம்பெனிக்கும் வட்டாரச் சுகாதார ஆய்வாளருக்கும் பேசினார். ஹாஸ்டலில் அம்மை வராதவர்கள் யார் என்று கேட்டு ஒன்பது பேருக்குச் சாயங்காலம் ஊசி போட்டார்கள். புதன்கிழமை ஒட்டியிருந்தால் அது ஐந்தாவது நாள். செவ்வாய் ஒட்டியவர்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. நான் முதல் நாளே வீட்டில் நின்றிருந்தால் அந்த இரண்டு நாளில் யாருக்கும் ஒட்டியிருக்காது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், சேவியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தோலைத் தட்டில் வைத்தார்.

“இன்னா ஜெசி இது” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணு ஊருக்குப் பூட்சு. ஒண்ணும் ஆவாது. நீ மொதல்ல எழுந்து வா” என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சுளையை வாயில் வைத்தார். தின்றேன்.

புதன்கிழமை காலை போன் அடித்தது. தேவகி.

“அக்கா, உங்களுக்கு அம்மை போட்டிருக்காம்லா. ஹாஸ்டல் பிள்ளைக சொல்லுச்சு. இப்ப எப்படி இருக்கீங்க?”

“பரவால்லமா. நீ?”

“எனக்கென்ன, நல்லாருக்கேன். பிள்ள கெடந்து உதைக்கான். அம்மா நேத்து மாரியம்மன் கோயிலுக்குப் போயி உங்களுக்காக வேண்டிக்கிட்டு வந்தா. வேப்பிலை வச்சிருக்கீங்களா பக்கத்துல?”

“தேவகி, உனக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?”

“இல்லக்கா. வீட்ல எல்லாருக்கும் வந்துச்சு. நான் அப்பம் சித்தி வீட்ல நின்னு படிச்சேன், தப்பிச்சிட்டேன். ஏன் கேக்கீங்க?”

அப்போதும் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்து மாற்ற வருகிறார்கள் என்று போனை வைத்தேன். கட்டிலோரம் இருந்த பஸ்ஸரை அழுத்தினேன். கலாவதி சிஸ்டரைக் கூப்பிடுங்கள் என்றேன்.

அவர் வந்தார். “செவ்வாய்க்கிழமை” என்றேன். “முதல் புள்ளி வந்தது செவ்வாய்க்கிழமை காலையில. தெரிஞ்சேதான் வேலைக்குப் போனேன். திங்கக்கிழமை ஒரு கர்ப்பிணிப் பொண்ணு என்கூட இருந்தா. எட்டாம் மாசம். அம்மை வந்ததில்ல.”

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. பேனாவை எடுத்து ‘வியாழன்’ மேல் ஒரு கோடு போட்டார். விரல்விட்டு எண்ணினார்.

“இன்னைக்கு ஒன்பதாவது நாள்” என்றார். “நாளைக்குக் கடைசி. அவங்க நம்பர் கொடுங்க.”

கதவருகே போனவர் திரும்பினார். “ஏன்னு நான் கேக்கலம்மா. ஆனா தேதி தப்பா இருந்தா நான் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருப்பேன். அதை மட்டும் புரிஞ்சுக்கோங்க.”

அன்று மத்தியானமே தேவகியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். அந்த ஊசி அங்கே இல்லை. சென்னையில் ஒரு மருந்துக் கிடங்கில் இருப்பதாகச் சிஸ்டர் போன் மேல் போன் போட்டுக் கண்டுபிடித்தார். தேவகியின் கணவர் முத்துராஜ் சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் வேலை பார்ப்பவர். டாக்டர் சீட்டு வாங்க சாயங்காலம் இங்கே வந்தார். கதவில் இருந்த கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்தேன். ஒர்க் ஷாப் சட்டையோடு, கையில் காலித் தெர்மாக்கோல் பெட்டியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். கண்ணாடிக்கு வெளியிலிருந்து சத்தமாகச் சொன்னார்.

“நீங்க ஞாபகமா சொன்னீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. ரொம்ப நன்றிக்கா.”

சிஸ்டர் அவரிடம் அவ்வளவுதான் சொல்லியிருந்தார். நான் சாக்ஸ் மாட்டிய கைகளைப் பதிலுக்குக் கூப்பினேன். நிமோனியா என் உடம்பை என்னென்னவோ செய்தது. ஆனால் அந்த மருத்துவமனையில் எனக்கு நேர்ந்ததில் மோசமானது எது என்று கேட்டால் அந்தக் கைகூப்பல்தான்.

அவர் ரயில் பிடித்தார். பெட்டிக்குள் ஐஸ் கட்டி, அதன் நடுவே மருந்து. வியாழக்கிழமை காலை ரத்த முடிவும் வந்தது. தேவகிக்கு எதிர்ப்புச் சத்து இல்லை. மத்தியானம் ஊசி போட்டார்கள். பத்தாவது நாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்திருந்தன. நுரையீரல் தேற ஒரு மாதம் ஆகும், படி ஏறும்போது நின்று நின்று ஏறுங்கள் என்றார் டாக்டர். லைனில் நான்கு பேருக்கு அம்மை வந்தது. மூன்று பேர் ஊசிக்கெடு தாண்டியவர்கள். அவர்களில் ஒருத்திக்கு அந்த மாதம் நடக்கவேண்டிய நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. தேவகிக்கு மூன்று வாரம் கழித்துப் பத்துப் பன்னிரண்டு கொப்புளம் வந்து, காய்ச்சல்கூட இல்லாமல் உதிர்ந்துபோனது. அதன்பிறகு இருபது நாள் கழித்துப் பிரசவம். ஆண் குழந்தை. குறையொன்றும் இல்லை.

வேலைக்குத் திரும்பிய வாரம் சேஃப்டி ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். நான் தேதியை மறைத்தது கம்பெனிக்குத் தெரியாது. ஷிப்ட் தொடங்குமுன் நடக்கும் கூட்டத்தில் நான் பேசவேண்டும் என்றார். நோயைப் பற்றி உடனே தகவல் கொடுத்ததால்தான் பரவாமல் தடுக்க முடிந்தது என்று எல்லோருக்கும் சொல்லவேண்டுமாம். நாற்பது பேருக்கு முன்னால் நின்றேன். முகத்தில் தழும்போடு அந்த நான்கு பேரும் இருந்தார்கள்.

“எனக்குப் புள்ளி வந்தது செவ்வாய்க்கிழமை” என்று ஆரம்பித்தேன். நிச்சயதார்த்தம் தள்ளிப்போன பெண் மட்டும் கடைசியில் கேட்டாள்.

“அப்போ ஆடிட் அன்னிக்கு என் பக்கத்துல நின்னுகினு எனுக்கு வேல சொல்லிக்குடுத்தியே, அப்போ உனுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும்” என்றேன்.

சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்து லைன் லீடராகவே வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வருவதற்கு அவர்களுக்குச் சில மாதம் பிடித்தது. நான்கு பேரில் இரண்டு பேர் இன்னும் வரவில்லை.

தேவகிக்கு அன்று சாயங்காலமே போன் செய்தேன். கூட்டத்தில் பேசிய செய்தி அவளுக்கு முன்னாலேயே போயிருந்தது. குரல் தாழ்ந்திருந்தது.

“ஒண்ணு மட்டும் கேக்கேன்க்கா. எனக்கு வளையல் போட்டீங்களே, அன்னைக்கு உங்களுக்குத் தெரியாதுல்லா?”

“சத்தியமா தெரியாது தேவகி.”

“அதான பாத்தேன்.” அவள் மூச்சு விடுவது கேட்டது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவள் அதோடு திருப்திப்பட்டிருப்பாள்.

“அதுக்கு அடுத்த திங்கக்கிழமை தெரியும்” என்றேன். “கர்ப்பிணி யாராவது இருக்காங்களான்னு சிஸ்டர் கேட்டாங்க. நீ இருக்கேன்னு தெரிஞ்சும் இல்லன்னு சொன்னேன். ரெண்டு நாள் அப்படியே இருந்தேன்.”

பின்னால் குழந்தை அழ ஆரம்பித்தது. “பிள்ள அழுதான். வைக்கேன்” என்றாள்.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே இருந்துவிட்டாள். போன மாதம் ஒரு செய்தி வந்தது. நலமா என்ற விசாரிப்பெல்லாம் இல்லை. ‘பிள்ளைக்கு அம்மை ஊசி எப்போ போடணும்னு அந்த சிஸ்டர்ட்ட கேட்டுச் சொல்லுங்க. அரசு ஆஸ்பத்திரில இது இல்லைங்காங்க.’ அவ்வளவுதான்.

கலாவதி சிஸ்டருக்குப் போன் செய்து கேட்டேன். பதினைந்து மாதத்தில் ஒன்று, சில மாதம் விட்டு இன்னொன்று, தனியார் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். அதற்குக் கீழே வேறு என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். அவள் பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.